முள் சைபரில் நின்ற வண்டி

ஒரு வண்டியின் பதிவை நிறுத்திவைப்பது எப்படி என்று அன்றைய மோட்டார் வாகனச் சட்டம் தெளிவாகவே சொல்லியிருந்தது. முதலில் உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் போக வேண்டும். அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகும் வண்டி பொதுச்சாலைக்கு அபாயம் என்று தோன்றினால், காரணத்தை எழுதிவைத்துவிட்டு நிறுத்தலாம். வண்டியைப் பிடுங்கி மழையில் போடு என்று அதில் எங்கும் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் அரசாங்கத்துக்குக் கோப்பு எழுதியவன் சொல்கிறேன், இல்லை.

1958-ல் நான் கொடைக்கானலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். நாயுடுபுரத்தில் குடியிருந்தேன். என் வீட்டை ஒட்டி ஒரு பட்டறை. அதை நடத்தியவர் பாலசமுத்திரத்துக்காரர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். எல்லோரும் அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டோம். பஸ், ஜீப், எஸ்டேட் லாரி எதுவானாலும் பார்ப்பார். ஆனால் மனசு முழுக்கப் பெரும்பாறையில் ஒரு காப்பித் தோட்டத் துரையிடம் இருந்த மோட்டார் சைக்கிளின் மேல்தான்.

அது சீமையிலிருந்து வந்தது. ஆயிரம் சி.சி., இரண்டு சிலிண்டர், எஞ்சின்கூடக் கறுப்பு. கடையில் காசு கொடுத்து யாரும் வாங்கக்கூடிய மோட்டார் சைக்கிள்களில் உலகத்திலேயே வேகமானது அதுதான் என்று ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் வந்த பக்கத்தை மேஸ்திரி பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தார். அவருக்கு அதைத் தமிழில் படித்துச் சொன்னவன் நான். ஒரு தடவை அல்ல, மாதம் ஒரு தடவை.

துரை அந்த வண்டியைப் பங்களாவிலிருந்து காப்பிக் களம்வரை ஓட்டுவார், திரும்புவார். அதற்குமேல் அவருக்கு முதுகுவலி. தோட்டத்தை விற்றுவிட்டு ஊருக்குப் புறப்பட்டபோது, இத்தனை வருஷம் கோழி இறகும் மண்ணெண்ணெயுமாக அதைத் துடைத்துக் காப்பாற்றிய மேஸ்திரிக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

உலகத்தில் மிக வேகமான வண்டி கிடைத்தது. அதை ஓட்டத்தான் சாலை இல்லை. எங்கள் மலையில் நூறு கஜம் நேராக எங்கே கிடக்கிறது? மூன்றாவது கியரே அந்த வண்டிக்கு வதந்தி. நாலாவது கியரை மேஸ்திரி ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தைச் சுற்றவிட்டுத்தான் பார்த்திருந்தார்.

"ஒரே ஒரு தடவ சார்," என்பார். "வெள்ளனே எறங்கிப் பழனிக்குப் போயி, அங்கேருந்து தாராபுரம் ரோட்டப் புடிச்சிருவேன். ஆளு அசைவு இருக்காது. அது என்னதான் செய்யுதுன்னு பாத்துட்டு வந்துர்றேன். அப்புறம் அது பாட்டுக்குப் பட்டறையில கெடக்கட்டும்."

வெரசாகச் செய்ய வேண்டிய காரியமும்கூட. செய்த கம்பெனியே அந்த வகையை நிறுத்திவிட்டது. ஏதாவது ஒன்று போனால் போனதுதான்.

அவர் மறுநாளே இறங்கியிருப்பார். நான்தான் தடுத்தேன். வண்டி கைமாறினால் முப்பது நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். பேர் மாறாமல் ஓட்டுவது முறையல்ல என்றேன். மலையில் அப்போது பேர் மாறாமல் ஓடிய லாரிகளை வரிசையாக நிறுத்தினால் பஜார் கொள்ளாது. இருந்தும் சொன்னேன். அவரும் கேட்டார். மாதம் ஒருமுறை கீழேயிருந்து வரும் வாகன ஆய்வாளரின் முகாமுக்கு, வண்டியைக் கண்ணாடி மாதிரித் துடைத்து உருட்டிக்கொண்டு போனார். பக்கத்தில் பேர் மாற்றக் கடிதங்களோடு நான்.

ஆய்வாளர் கடிதங்களைத் தொடவில்லை. குனிந்து மீட்டரைப் பார்த்தார். சோற்றுத்தட்டு அளவுக்கு இருக்கும் அது.

"என்னய்யா இது, நூத்தம்பதா?"

"ஆமாங்கய்யா. மைலு."

"இந்த மலையில பதினஞ்சுக்கு மேல போகக்கூடாதுன்னு போர்டு இருக்கே, கண்ணுல படல?"

"நான் போகலீங்களேய்யா. முள்ளு சைபர்ல கெடக்கு, பாருங்க."

"கெடக்கும். இப்ப நிக்குதுல்ல? ஓடுனா?"

கூட நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். ஆய்வாளருக்குக் காது சிவந்துவிட்டது. பேனாவைத் திறந்து, வாகனத்தின் வேகம் மணிக்கு 150 மைல், மலைப்பாதைக்கு அபாயம் என்று எழுதினார். மீட்டரில் அச்சடித்த எண்ணைக் குற்றமாக எழுதிய ஒரு மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நோட்டீஸ் இல்லை, விசாரணை இல்லை. பதிவுப் புத்தகம் அவர் பையில் போயிற்று. வண்டி சுங்கச்சாவடிக்குப் பின்னாலிருந்த திறந்த முற்றத்துக்குப் போயிற்று.

சாயங்காலம் அவருக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும். பஜாரில் சாமான் கடை வைத்திருந்த பாயிடம் சொல்லியனுப்பினார். பாய் பட்டறைக்கே வந்துவிட்டார்.

"மேஸ்திரி, சோலி சுளுவா முடிஞ்சது. அந்தப் பெரிய மீட்டரக் கழட்டிப்புட்டு ஒரு ஜீப்பு மீட்டர மாட்டணுமாம். அறுவதுன்னு போட்டிருந்தாப் போதுமாம். மறு முகாமுல கையெழுத்து. எங்கிட்டயே ஒண்ணு கெடக்கு, எடுத்துக்கங்க."

மேஸ்திரி எழுந்துவிட்டார். ஸ்பானரைக்கூட எடுத்துவிட்டார்.

"உட்காருங்க மேஸ்திரி," என்றேன். "தப்பு அவங்க பேர்ல. நாம எதுக்கு மீட்டரை மறைக்கணும்? அப்பீல் போடுவோம். சட்டம் நம்ம பக்கம்."

பாய் என்னை ஒரு தரம் பார்த்தார். "சட்டம் உங்க பக்கந்தான் சார். வண்டி அவுக பக்கமுல்ல கெடக்கு?"

மேஸ்திரி இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். படித்தவன் நான். ஸ்பானரைக் கீழே வைத்தார்.

அப்பீலை நானே எழுதினேன். இரண்டு பிரதி, ஒப்புகையுடன் பதிவுத் தபால். ஒரு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது: எந்த உத்தரவை எதிர்த்து அப்பீலோ, அந்த உத்தரவின் பிரதியை இணைக்கவும். உத்தரவே தரவில்லை என்பதுதான் ஐயா என் அப்பீல் என்று எழுதினேன். பிரதி கேட்டு ஆய்வாளருக்கும் எழுதினேன். கோப்பு அப்பீலுக்காக மேலே போயிருப்பதால் பிரதி தர இயலாது என்றார். மேலே எழுதினேன். கோப்பு கீழிருந்து வரவில்லை என்றார்கள். பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். நான் நிறுத்தவில்லை.

ஐப்பசி பிறந்தது. மேஸ்திரி ஒரு தார்ப்பாயைக் கொண்டுபோய்ப் போர்த்தினார். அதை யாரோ தூக்கிப் போனார்கள். இன்னொன்று போர்த்தினார், அதுவும் போயிற்று. மேகம் தரையில் புரளும் ஊர் அது, போர்த்தினாலும் நனையும். சீட்டின் தோல் வெடித்தது. டூல் பை காணாமல் போனது. ஞாயிற்றுக்கிழமைதோறும் எண்ணெய்க் கேனோடு போய், காவலாளிக்கு டீ வாங்கிக் கொடுத்து, பிளக்கைக் கழற்றி உள்ளே எண்ணெய் விட்டுவிட்டு வருவார்.

பதிவை ஆறு மாதத்துக்குமேல் நிறுத்திவைக்க முடியாது. ஏழாவது மாத முகாமன்று நானே சாவடிக்குப் போய் அதைச் சொன்னேன். இந்த ஆய்வாளர் புதியவர், மரியாதையானவர், நாற்காலி போட்டார்.

"நீங்க சொல்றது சரிங்க. ஆனா அப்பீல் நிலுவையில இருக்குதே? நிலுவையில இருக்கறப்ப நான் வண்டிய வெளிய விட்டா, நாளைக்கு என்னத்தானே கேப்பாங்க? வாபஸ் வாங்கிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. இப்பவே தள்ளிட்டுப் போகலாம்."

வாசலில் மேஸ்திரி நின்றிருந்தார். அவருக்கு எல்லாம் கேட்டது. அந்த ஒரு வரி எழுத எனக்கு அரை நிமிஷம் ஆகியிருக்கும். மை இருந்தது, காகிதம் இருந்தது. வாபஸ் வாங்கினால் முதல் ஆள் செய்தது சரி என்று ஆகிவிடும் என்றேன். ஆய்வாளர் மறுபடியும் சொல்லிப் பார்த்தார். நான் எழுந்து வந்துவிட்டேன். வீடுவரை மேஸ்திரி ஒன்றும் பேசவில்லை. எனக்கு அது சம்மதமாகத் தெரிந்தது. அன்றைக்கு அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் திரும்பிப் போய் எழுதிக் கொடுத்திருப்பேனோ என்னவோ. மனு அவர் பேரில்தானே, அவரே எழுதிக் கொடுத்திருக்கலாமே என்று பிற்பாடு சிலர் சமாதானம் சொன்னார்கள். எனக்கு அந்தச் சமாதானம் வேண்டாம். அவர் என்னை நம்பினார்.

மூன்றாவது மழை முடிந்த ஒரு ஞாயிறு, நானும் அவரோடு போனேன். கிக்கரில் காலை வைத்து அழுத்தினார். இறங்கவில்லை. முழு உடம்பையும் தூக்கி அதன்மேல் நின்றார். கல்லில் நிற்பது மாதிரி நின்றார். இறங்கி, கார்புரேட்டர் மூடியைத் திறந்தார்; உள்ளே மண்புழு நிறத்தில் தண்ணீர். மூடியை வேட்டி நுனியில் துடைத்துத் திரும்பப் போட்டார்.

"பிஸ்டன் புடிச்சுக்கிருச்சு."

"இன்னொரு நினைவூட்டு எழுதறேன் மேஸ்திரி. நஷ்டத்தையும் சேர்த்துக் கேப்போம்."

"எழுதுங்க சார். கையெழுத்து நல்லாருக்கு." எண்ணெய்க் கேனைக் காவலாளியிடமே கொடுத்தார். "நான் இனிமே இந்தப் பக்கம் வரல."

அடுத்த வருஷம் பட்டறையை ஒப்படைத்துவிட்டுப் பாலசமுத்திரத்துக்கே போய், கிணற்று எஞ்சின் ரிப்பேர் பார்க்க ஆரம்பித்தார். போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனார்; பகை இல்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஆய்வாளர்மேல், மேல் அலுவலகத்தின்மேல், பதில் எழுதாத அத்தனை பேர்மேலும் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் இருக்கிறது. அவர்கள் வரிசையின் கடைசியில், அழகான கையெழுத்தோடு, நானும் நிற்கிறேன்.

நான் நினைவூட்டுகளைத் தொடர்ந்து அனுப்பினேன். பதினோராவதுக்குப் பதில் வந்தது. பழுப்பு உறை, மேஸ்திரி பேருக்கு, என் விலாசம் போட்டு. ஆறு மாதம் கழிந்ததும் நிறுத்திவைப்பு தானாகவே காலாவதியாகிவிட்டதால் அப்பீலின் மீது உத்தரவு ஏதும் தேவைப்படவில்லை என்றும், உரிமையாளர் வாகனத்தை எப்போது வேண்டுமானாலும் எடுத்துச் சென்றிருக்கலாம் என்றும், கோப்பு முடிக்கப்படுகிறது என்றும் மூன்று வரி. ஒப்புகைச் சீட்டில் நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். 1962 பிப்ரவரி 19, திங்கட்கிழமை.