ஹொல்ம்லியாவில் பூத்த என் மல்லிகை

“...ஆனா அதிலை மொட்டு இருக்கே மச்சான், மொட்டு வைச்ச கொப்பு லேசிலை வேர் விடாது,” என்று சவரி சொன்னபோது, நாங்கள் இருவரும் ஹொல்ம்லியா ரயில் மேடையில் நின்றுகொண்டிருந்தோம். அவன் கண் என் ஜக்கெற் பையில் இருந்தது. எனக்குக் காது இரண்டும் சுட்டன. அந்த மேடைக்கு நான் வந்து சேர்ந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை ஸ்தவாங்கரில் ரயில் ஏறினேன். ஒஸ்லோவுக்கு அறுநூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. ஏறக்குறைய எட்டு மணித்தியாலம். முன்கூட்டியே எடுத்தபடியால் சீட்டு ஐந்நூற்றுத் தொண்ணூறு குரோனருக்குக் கிடைத்தது. விமானத்தில் ஒரு மணித்தியாலத்தில் போயிருக்கலாம். ஆனால் விமானத்தில் யாரும் கதைப்பதில்லை. கதை இல்லாத பயணம் எனக்கு உப்பில்லாத கஞ்சி.

அந்த நாள் அதிர்ஷ்டம், எதிரே ஒரு தமிழ் இளைஞன். கோயம்புத்தூர், பெயர் கார்த்திக், எண்ணெய்க் கொம்பனி ஒன்றில் எஞ்சினியர்.

“ஒஸ்லோல என்ன விசேஷம் அங்கிள்?”

“ஒரு பூக்கண்டு பாக்கப் போறன்.”

“பூக்கண்டா?”

“செடி தம்பி. மல்லிகைச் செடி.”

“ஒரு செடிக்காகவா எட்டு மணி நேரம்!” என்று சிரித்தான். ஜன்னலுக்கு வெளியே கல் மதில்களும் செம்மறிகளும் போய், சுரங்கங்கள் தொடங்கின. நான் அவனுக்கு முழுவதையும் சொன்னேன்.

அந்த மல்லிகையைப் பாரிஸில் ஒரு கலியாணத்துக்குப் போனபோது வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். ஸ்தவாங்கரில் அது பூத்தபோது, மன்னாரிலிருந்து என்னோடு ஒன்றாய் நோர்வேக்கு வந்த சவரி ஒஸ்லோவிலிருந்து பார்க்க வந்தான். திரும்பும்போது ஒரு கொப்பு வெட்டி நானே கையில் கொடுத்தேன். போன மாரிக் குளிரில் என் செடி செத்துவிட்டது. சாகமுதல் அதில் எத்தனையோ கொப்பு வெட்டிப் பதித்தேன். சிலது அடி கறுத்து அழுகின. சிலது ஹீற்றரின் சூட்டில் காய்ந்தன. மிச்சம், வேர் வந்ததோ என்று நானே இழுத்து இழுத்துப் பார்த்ததில் போயின. சவரியிடமோ அறை நிறைய மல்லிகை. ஒஸ்லோவில் எல்லோரும் “சவரியின்ரை மல்லிகை” என்கிறார்களாம். கொப்பிலிருந்து வந்த கன்று தாய்க் கன்றேதான். விதை இல்லை, கலப்பு இல்லை. அப்படியென்றால் அது என் மல்லிகை. கேட்டால் தருவான். ஆனால் என் சொந்தச் செடிக்கு நான் போய் அவனிடம் கை நீட்டுவதா?

“அப்ப கேக்காதீங்க அங்கிள்,” என்றான் கார்த்திக். “கேட்டு வாங்கின செடி வராதுன்னு எங்கம்மா சொல்லுவாங்க. பக்கத்து வீட்ல பேசிட்டே கிளைய ஒடிச்சு முந்தானைல முடிஞ்சுட்டு வந்துடுவாங்க. சும்மா மதமதன்னு வளரும்.”

எங்கள் பக்கத்திலும் அப்படி ஒரு நம்பிக்கை உண்டு என்றேன். கிறிஸ்தியான்சாந்தில் ரயில் திசை மாறியது. அதுவரை முன்னே பார்த்திருந்த நான் அதன்பிறகு பின்னே பார்த்தபடி போனேன். அவன் சொன்னது மட்டும் மண்டைக்குள் நேராகவே ஓடிக்கொண்டிருந்தது.

பின்னேரம் ஒஸ்லோவில் இறங்கி, உள்ளூர் ரயில் மாறி, கால் மணித்தியாலத்துக்குள் ஹொல்ம்லியா. சவரி மேடையில் நின்றான். பஸ் ஓட்டுகிறவன், உடுப்பு மாற்றாமலே வந்திருந்தான். “என்னடா, கிழண்டிப் போனாய்!” என்றான். “நீ மட்டும் என்ன குமரனோ?” என்றேன். கட்டிப் பிடித்துக்கொண்டோம். அவன் சட்டையில் மல்லிகை மணத்தது. அங்கேயே எனக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது.

வீட்டில் சின்ன அறை ஒன்றை ஊதா வெளிச்சம் நிறைத்திருந்தது. உள்ளே ஒரு கறுத்த துணிக்கூடாரம், விளக்கு, காற்றாடி. மூடி போட்ட தட்டங்களில் விரல் நீளக் கொப்புகள் வரிசையாக நின்றன. மூடியின் உட்புறம் முழுக்க நீர்முத்து. நடுவில் தாய்க் கன்று, என் தோள் உயரம், வெள்ளை வெள்ளையாய்.

“இதெல்லாம் எங்கை படிச்சனி?” என்றேன், சாதாரணமாகக் கேட்பதுபோல.

அவன் மகள் ஸ்ரெலா, பல்கலைக்கழகத்தில் படிப்பவள், சோபாவிலிருந்து சத்தம் போட்டாள்: “மாமா, அப்பா பாக்கிற வீடியோ முழுக்க கஞ்சா வளக்கிற ஆக்களின்ரை! கொப்பிலை கண்டு எடுக்கிறதை அவையள் மாதிரி ஒருத்தரும் விளங்கப்படுத்த மாட்டினமாம். என்ரை லப்டொப்பிலை இப்ப வாற விளம்பரத்தைப் பாக்கோணும் நீங்கள்!”

சவரி வெட்கப்படவில்லை. “அவங்களுக்கும் இதே தலையிடிதான் மச்சான். அடி அழுகும், இலை வாடும், சின்னக் கொசு வரும். தாயிலை சிலந்திப்பூச்சி இருந்தால் பிள்ளை எல்லாத்துக்கும் சீதனமாய்ப் போகும். வேரில்லாத கொப்புக்கு இலைதான் வாய். காத்திலை ஈரம் இருக்கோணும், மண்ணிலை சதசதப்பு இருக்கக்கூடாது. நாங்கள்தான் தலைகீழாய் மாறிச் செய்யிறம்.” நான் மாறித்தான் செய்திருந்தேன்.

ஊதா வெளிச்சத்தைக் கண்டு கஞ்சாவோ என்று யாரோ முறையிட, கட்டடப் பராமரிப்பாளர் கதவைத் தட்டிய கதையையும் ஸ்ரெலாதான் சொன்னாள். அந்த மனிசன் கூடாரத்தைத் திறந்து, மூக்கை நீட்டி, ஒரு நிமிஷம் அப்படியே நின்றாராம். போகும்போது மனைவிக்கு ஒரு கன்று கேட்டாராம்.

“குடுத்தனியோ?”

“ஓம், பின்னை?” என்றான் சவரி.

யாருக்கெல்லாமோ கொடுத்திருக்கிறான். என் மல்லிகை, பக்கத்துப் பியோர்ண்டால் வரைக்கும் வீடு வீடாய்ப் பூக்கிறது, அவன் பெயரில்.

அது ஒக்ரோபர், செபமாலை மாதம். மாதா சிலையை, எங்கள் பேச்சில் சுருவத்தை, ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அன்று சவரி வீட்டு முறை. ஆறு மணிக்குச் சனம் நிறைந்தது. சுருவத்தின் கழுத்தில் அடர்த்தியாய் மல்லிகை மாலை. “சவரியண்ணையின்ரை கைராசி!” என்றார் ஓர் அம்மா. “இந்தக் குளிரிலை மாதாவுக்கு எண்டே பூக்குது,” என்றார் இன்னொருவர். சவரி என் காதுக்குள் குனிந்தான்: “கஞ்சாக்காரங்கள் சொல்லித் தந்த வித்தை மச்சான், மாதா கழுத்திலை கிடக்கு.” எல்லோரோடும் முழங்காலில் நின்று, அருள்நிறைந்த மரியே சொல்லிக்கொண்டே, நான் மாலையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன். “இது அன்ரன் தந்த கண்டு” என்று என்னைக் காட்டி ஒரு சொல் சொல்வானா என்று செபமாலையின் கடைசி மணி வரைக்கும் காத்திருந்தேன். அவன் சொல்லவில்லை. வடைதான் கொண்டுவந்து நீட்டினான்.

சனிக்கிழமை காலை, சவரி குசினியில் தேத்தண்ணி ஊற்றும் நேரம், நான் அந்த அறைக்குள் போனேன். கேட்க வாய் வரவில்லை. கை போய்விட்டது. தாய்க் கன்றின் ஒரு நுனியைச் சடக்கென்று முறித்து ஜக்கெற் பையில் வைத்தேன். அவசரத்தில் கைக்கு அகப்பட்டது மொட்டுக் கொப்பு. அதுவும் ஒழுங்காய் முறியாமல் தோலோடு கிழிந்து வந்தது. தேத்தண்ணி குடிக்கும்போது, அது பைக்குள்ளிருந்து எல்லோருக்கும் தெரியும்படி மணத்தது.

என்னை வழியனுப்ப அவனும் வர, அப்படித்தான் ரயில் மேடைக்கு வந்தோம். அப்போதுதான் அவன் பைக்கு வெளியே எட்டிப் பார்த்த அந்த மொட்டைப் பற்றிச் சொன்னான். மறைக்க ஒன்றும் இல்லை. கொப்பை எடுத்து அவனிடம் நீட்டி, “ஒரு கண்டு கேக்க எனக்கு மனம் வரேல்லை,” என்றேன். “அது என்ரை மல்லிகை, சவரி. நான் தந்தது.”

“நீ தந்தது செத்துப்போச்சு,” என்றான்.

“என்ன?”

“நீ கையாலை தந்த கொப்பு ஒரு கிழமைகூட நிக்கேல்லை. இது வேறை. அண்டைக்கு உன்ரை வீட்டிலை நீ சப்பாத்துக் கட்டக் குனிஞ்ச நேரம் நான் இன்னொண்டு முறிச்சனான். அதுதான் பிடிச்சது. களவெடுத்ததை ஆரின்ரை பேரிலை சொல்லுறது மச்சான்? அதுதான் நேற்றும் வாய் திறக்கேல்லை.”

ஒஸ்லோ ரயில் வர நாலு நிமிஷம் என்று பலகை காட்டியது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. களவில்கூட இவன் என்னைவிடத் திறமாய்ச் செய்திருக்கிறான் என்ற எரிச்சலும் வந்தது. “அப்ப ஒரு வேர் விட்ட கண்டைத் தந்திருக்கலாமே!” என்றேன்.

“தந்தால் உன்ரை கையிலை வேர் பிடிக்காது. நீ தந்தது எனக்குப் பிடிச்சதே?”

சட்டைப் பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து, மொட்டை நுள்ளிப் போட்டான். கிழிந்த அடியை ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே சரிவாக வெட்டினான். கீழ் இலைகளை உருவி, மேல் இலையைப் பாதியாய் நறுக்கி, ஈரக் கடதாசியில் சுற்றி, பிளாஸ்ரிக் பைக்குள் விட்டு, வாயால் ஒருதரம் ஊதி முடிச்சுப் போட்டான். அதை என் கையில் தரவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த வாங்குப் பலகையில் வைத்துவிட்டு, ரயில் வராத பக்கம் பார்த்தபடி திரும்பி நின்றுகொண்டான்.