அம்மா சிரித்த ஞாயிற்றுக்கிழமைகள்

எங்கள் தெருவில் முதலில் டிவி வாங்கியவர் பெரியப்பாதான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். திருவொற்றியூரில் எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி அவர் வீடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருப் பிள்ளைகள் எல்லோரும் அந்தக் கூடத்தில் இடித்துக்கொண்டு உட்காருவோம். அப்போதுதான் அந்தப் பொம்மைப் படம் வரும். தபால்காரத் தொப்பி போட்ட ஒரு கழுதை; பை நிறையக் கடிதங்கள்; வாரம் தவறாமல் காற்று வந்து அவற்றை அடித்துக்கொண்டு போகும். பேச்செல்லாம் இந்தி. எங்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. கழுதை விழுந்தால் சிரிப்போம், அவ்வளவுதான்.

எனக்குத் துணையென்று சொல்லிக்கொண்டு அம்மாவும் வருவாள். நான்கு வீடு தள்ளிப் போக எட்டு வயதுப் பெண்ணுக்குத் துணை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு மட்டும் விடியும் முன்பே தண்ணீர் பிடித்து, குழம்பு கூட்டி வைத்து, தலை வாரிக்கொண்டு நிற்பாள். வீட்டில் அப்பா மணலியில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து தூங்குவார், சத்தமே கூடாது. பெரியப்பா வீட்டிலோ, பிள்ளைகளுக்குப் பின்னால் சுவரோரம் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பாள். அடக்க முடியாமல் போனால் முன்னால் இருக்கும் பிள்ளையின் முதுகில் ஓர் அடி விழும்.

ஒரு ஞாயிறு, கழுதை கடிதமென்று நினைத்துப் பறக்கிற கொக்கின் காலைப் பிடித்துவிட்டது. கொக்கு அதைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அம்மா கண்ணில் நீர் வர, வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அடுக்களையிலிருந்து பெரியம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மே இது? புள்ள பெத்தவ மாறியா கீற? கொயந்தைங்களோட குந்திகினு இன்னா சிரிப்பு!"

கூடமே திரும்பி அம்மாவைப் பார்த்தது. பெரியப்பா மகன் எங்கள் வாசல் வரைக்கும் அம்மா மாதிரியே சிரித்துக் காட்டிக்கொண்டு வந்தான். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

அடுத்த வாரம், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவளிடம் சொன்னேன்.

"நீ வராதம்மா. எல்லாம் என்னைத்தான் கிண்டல் பண்றாங்க."

அம்மா மாட்டிய ஒற்றைச் செருப்பைக் கழற்றினாள். "செரி, நீ போய் பாத்துட்டு வா. வந்து எனக்கு கதைய சொல்லு, இன்னா?"

நான் திரும்பியபோது மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கொக்கு கழுதையை எங்கே இறக்கிவிட்டது என்று கேட்டாள்.

"கெணத்துல போட்டுடுச்சு."

"அப்பால?"

"ஏறி வந்துடுச்சு."

"எப்டி ஏறுச்சு?"

எனக்குப் பசி. "ஏறுச்சும்மா, அவ்ளோதான். சோறு போடு."

இப்படி நாலைந்து வாரம் கேட்டாள். பிறகு விட்டுவிட்டாள். எங்கள் வீட்டுக்கு டிவி வந்தபோது அந்தத் தொடர் முடிந்திருந்தது.

என் மகளுக்கு இப்போது இருபத்து நான்கு வயது. வேலைக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமையானால் குளிக்காமல்கூட சோபாவில் காலை நீட்டிக்கொண்டு போனில் ஏதாவது பொம்மைப் படம் பார்த்துச் சிரிக்கிறாள். சின்னப் பெண்தானே, சிரிக்கட்டும் என்று காப்பியை அங்கேயே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். போன வாரம் அப்படிக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போதுதான் மனதில் தட்டியது. பதினாறில் என்னைப் பெற்றவள் அம்மா. வராதே என்று நான் சொன்ன அன்று அவளுக்கும் இருபத்து நான்குதான். எட்டு வயதில் எனக்கு அது தெரியவில்லை. அம்மாக்கள் எல்லோரும் பெரியவர்கள் என்றே நினைத்திருந்தேன்.