முப்பத்திரண்டு தலைகள்

"குனி," என்கிறார் அக்கா. மடியில் விரித்த வெள்ளைத் துணியின்மேல் ஒரு தலை கவிழ்கிறது. வகிடு எடுத்து, பேன்சீப்பைப் பிடரியிலிருந்து நெற்றி வரை ஒரே இழுப்பாக இழுக்கிறார். சீப்பைத் துணியில் இரண்டு தட்டு. மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி வழியாக ஒரு பார்வை. "பாஸ். அடுத்து யாரு?"

குழந்தைகள் இல்லத்தின் பின்பக்க வராந்தாவில், மாதா சுரூபத்துக்குக் கீழே, சனிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்குத் தொடங்கும் வேலை இது. நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பெஞ்சு அதற்கு எதிரே. முப்பத்திரண்டு தலைகள் முடிய மதிய மணி அடித்துவிடும். இது வெளிநாடு, இந்த ஊர்க் குழந்தைகளுக்குத் தமிழ் தெரியாது. அவருக்கு அவர்கள் மொழியில் பத்து வரை எண்ண வரும், சாப்பிட்டாயா என்று கேட்க வரும். அதற்காக அவர் பேச்சைக் குறைத்துக்கொள்வதில்லை. தமிழிலேயே கேட்கிறார், தமிழிலேயே திட்டுகிறார். புதிதாக வரும் குழந்தை முதலில் கற்றுக்கொள்ளும் தமிழ்ச் சொல் 'குனி'. அடுத்தது 'ஆடாத'.

இல்லத்தில் அவருக்குச் செக்கிங் அக்கா என்று பெயர். வைத்தவர் மதர், இல்லத்தை நடத்தும் கன்னியாஸ்திரிகளில் தமிழ் பேசும் ஒரே ஆள். அக்கா ஊரில் துணிக் கம்பெனியில் பத்தொன்பது வருடம் செக்கிங் பிரிவில் இருந்தவர். மேசையில் ஓடும் துணியில் ஓட்டை, எண்ணெய்க்கறை, தையல் விட்ட இடம் எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. கணவருக்கு இங்கே குளிர்பதனக் கிடங்கில் வேலை கிடைத்தது. கூட வந்த மனைவி சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது என்று விசாவில் முத்திரை குத்திவிட்டார்கள். "நாலு சுவத்த எத்தன நாள் செக் பண்றது?" என்று ஒரு நாள் இந்த வாசலில் வந்து நின்றார். இதைத் தியாகம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அவருக்குப் பொழுது போகவில்லை. இங்கே ஆள் தேவைப்பட்டது.

அவர் எந்தக் குழந்தையையும் கொஞ்சிப் பார்த்ததில்லை. ஜெப நேரத்தில் வெளியே செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருப்பார். சீப்பை மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்து வீட்டிலிருந்து கொண்டுவருவார். பேன் அகப்பட்டால் கட்டைவிரல் நகத்தில் வைத்து, "நீயும் பொழைக்கணும்தான். எடம் மாறி வந்துட்ட," என்று சொல்லி, டக்.

முப்பத்தொரு தலைகளில் முடி காது வரைதான். பேனுக்குப் பயந்து இல்லம் வைத்த விதி. முப்பத்திரண்டாவது தலைக்கு முழங்கை நீள ஜடை. எட்டு வயதுச் சிறுமி, வந்து இரண்டு மாதம். பேன் இல்லாதவரை இருக்கட்டும் என்று மதர் விட்டுவைத்திருந்தார். மற்றத் தலைகளைக் கை நீளத்தில் வைத்துப் பார்க்கும் அக்கா, இந்தத் தலையை மட்டும் தோளில் சாய்த்து, தன் கன்னத்தை அதன்மேல் வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே ஒவ்வொரு இழையாகப் பிரித்துப் பார்ப்பார். மருந்து போட்டு அலசி, ஈர் உருவி, சுத்தம் என்று அனுப்புவார். அடுத்த சனிக்கிழமை பார்த்தால் மறுபடி இரண்டு, மூன்று.

"மூணு வாரம் டைம் குடுத்தாச்சும்மா," என்றார் மதர். "வர்ற சனிக்கிழமையும் இருந்தா கத்திரிதான். ஒரு தலைக்காக மிச்சத் தலையெல்லாம் சொறிஞ்சிக்கிட்டு அலையணுமா?"

மதர் கடுமையானவர் அல்லர். இரண்டு குளியலறைகளை வைத்துக்கொண்டு முப்பத்திரண்டு பேரை வளர்ப்பவர்.

"முடிதானே, வளந்துடும்."

"வளரும் மதர். மறுநாளே அவங்கம்மா வருதே, அது என்ன பண்ணும்?"

அந்தத் தாய் ஒரு வீட்டில் தங்கி வேலை செய்பவர். மாதத்தின் முதல் ஞாயிறு, ஒரு மணி நேரம் வருவார். தாயும் மகளும் அதிகம் பேசுவதில்லை. வந்ததும் ஜடையைப் பிரிப்பார், வாருவார், பின்னுவார். திருப்தி இல்லாமல் மறுபடி பிரிப்பார். மணி அடிக்கும்போது கடைசிப் பின்னல் முடிந்திருக்கும்.

"அதுங்க கையாலதான் பேசிக்குதுங்க. முடிய வெட்டிட்டா அந்த ஒரு மணி நேரம் ரெண்டும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்."

"அப்ப பேன ஒழி," என்றார் மதர்.

அந்த வாரம் அக்கா தினமும் வந்தார். தலையணை உறையைக் கொதிக்கவைத்தார். ரிப்பனை மாற்றினார். மெத்தையை வெயிலில் போட்டு அடித்தார். புத்தகப் பையைக்கூட உதறினார். "துணியில ஒரே எடத்துல திரும்பத் திரும்ப ஓட்ட விழுந்தா துணியத் திட்டி என்ன செய்ய? மெஷின்ல எங்கயோ ஊசி வளைஞ்சிருக்கு சார்," என்று என்னிடம் சொன்னார். வெள்ளிக்கிழமை வரை ஊசி அகப்படவில்லை.

சனிக்கிழமை, மேசைமேல் கத்திரி தயாராக இருந்தது. சிறுமி ஜடையை முன்னால் இழுத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா பத்து நிமிடம் தாமதமாக, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"மதர், கத்திரிய உள்ள வைங்க. மெஷினக் கண்டுபிடிச்சிட்டேன்."

"எங்க?"

அக்கா தன் தலையைத் தொட்டுக் காட்டினார். "காலைல டீ குடிக்கறப்ப வீட்டுக்காரர் கேக்கறாரு, ஒரு கை டம்ளர்ல, ஒரு கை தலையில, நீ அங்க பேன் பாக்கறியா, பயிர் பண்றியான்னு. அப்பதான் எனக்கே உறைச்சுது. ஒரு வாரு வாரினேன். ஏழு. அவகிட்ட வாங்கி, வாரா வாரம் அவளுக்கே திருப்பிக் குடுத்திருக்கேன் மதர்!"

சோதிப்பவரைச் சோதிப்பது யார் என்று கேட்கும் புத்தகங்களைப் படித்திருக்கிறேன். அவற்றில் அரசர்களும் நீதிபதிகளும் வருவார்கள். யாரும் இப்படித் துண்டோடு வந்து நின்றதாக நினைவில்லை.

மதர் முதலில் முறைத்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் அளவுக்கு வந்தது. "பத்தொம்பது வருஷ சர்வீஸ்!" என்றார். கத்திரியை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். "புள்ளமேல தப்பில்ல. நாளைக்கு அவங்கம்மா வந்து நல்லாப் பின்னட்டும். ரெண்டு பேருக்கும் ஒண்ணாவே மருந்து. உன் தல பாஸாகற வரைக்கும் நீ எவ தலையையும் தொடக் கூடாது, ஆமா." மருந்து எடுக்க உள்ளே போனார்.

அக்கா, குழந்தைகள் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்து, துண்டை அவிழ்த்து, கொண்டையைப் பிரித்து, வெள்ளைத் துணியை மடியில் விரித்துக் குனிந்தார். சிறுமி சீப்பை எடுத்துக்கொண்டாள். பேசியது ஒன்றும் அவளுக்குப் புரிந்திருக்காது. கத்திரி உள்ளே போனதை மட்டும் பார்த்திருந்தாள். அக்கா செய்வது போலவே ஒரே இழுப்பு, இரண்டு தட்டு. துணியில் ஒன்று விழுந்து ஊர்ந்தது.

உள்ளேயிருந்து மதரின் செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. சிறுமி கத்திரி கிடந்த இழுப்பறையையும் அக்காவின் அவிழ்ந்த கூந்தலையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு துணியில் விழுந்ததைச் சட்டென்று உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.