கூப்பிடாமல் சாப்பிட வராதவர்

எழுபதுகளின் கடைசியில் புலம்பெயர்ந்து வந்து, வெஸ்ட்மீட் என்ற ஊரில் நாங்கள் இருந்த வாடகை வீட்டில் குசினி பொது. எங்களுடன் அதைப் பங்குபோட்டவர் பிலிப்பைன்ஸ் நாட்டுத் தாதி ஒருவர். கட்டையான ஆள், இறுகிய வாய், வேலையில்லாத நாளிலும் ஊசி குத்திய கொண்டை. இறைச்சியை வினாகிரி என்னும் புளிக்காடியில் அவிப்பார். சீனக் கடையில் வாங்கிய புளித்த இறால் விழுதை எண்ணெயில் வதக்குவார். சைவக்காரியான நான் யன்னல்களை எல்லாம் திறந்துவிடுவேன்.

எங்கள் இருவருக்கும் ஒத்துவரவில்லை. ஆனாலும் அவர் சோற்றுக் கோப்பையுடன் கதிரையில் இருந்ததும், என் முகத்தைப் பாராமலே, "வாங்கோ, சாப்பிடுவம்" என்பார். ஒவ்வொரு முறையும் இதுதான்.

"சைவக்காரியை இறாலுக்குக் கூப்பிடுறாள். நக்கல்தானே?" என்றேன் கணவரிடம்.

"நீர் அவளிட்டையே கேளுமன்."

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.

"நீங்கள் வந்து சாப்பிட வேணுமெண்டு கேக்கேல்லை," என்றார் அவர். "மனிசர் ஆரும் பக்கத்தில நிக்கேக்க, கூப்பிடாமல் சாப்பிட எங்களுக்கு வராது. உங்களைப் பிடிச்சுப்போய்க் கூப்பிடுறன் எண்டு நினைக்காதேங்கோ."

அந்தத் திமிரை என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் அவருடைய இறால் போத்தலைத் தூக்கிக் குப்பை வாளிக்குள் போட்டேன். அந்த மணத்துக்கு அதுதான் இடம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

மாலையில் வேலை முடிந்து வந்தவர் வாளியைத் திறந்து பார்த்தார். வெறும் சோற்றில் வினாகிரியை ஊற்றிக்கொண்டு கதிரையில் இருந்தார். நான் அடுப்படியில், அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நின்றேன். அவர் நிமிர்ந்து முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார். பிறகு குனிந்து, கூப்பிடாமலே சாப்பிடத் தொடங்கினார்.