பதினாறு கொடுத்திருந்தால்

முதலாண்டு கணினி ஆய்வகத்தில் அன்றைய வேலை, ஓர் எண்ணை எந்த அடிமானத்துக்கும் மாற்றும் புரோகிராம். பத்தை இரண்டடிமானத்தில் கேட்டால் 1010 வர வேண்டும். எனக்கு 0101 என்று தலைகீழாகவே வந்துகொண்டிருந்தது.

பக்கத்து இருக்கையில் கிணத்துக்கடவிலிருந்து பஸ்ஸில் வரும் தோழி. பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவள். புரோகிராமிலும் மாறிகளுக்கு ஈவு, மீதி என்றே ஆங்கில எழுத்தில் பெயர் வைத்திருந்தாள். "வகுத்து வர்ற மீதியைக் கீழிருந்து மேல படிக்கோணும் அம்மணி" என்று தன் திரையை என் பக்கம் திருப்பினாள்.

அதைப் புரிந்துகொண்டு நானே எழுதியிருக்கலாம். நேரமில்லை என்று அப்படியே அடித்தேன். பிறகு மூன்று வேலைகள் செய்தேன்: பெயர்களை ஆங்கிலமாக்கினேன், ஒவ்வொரு படிக்கும் குறிப்பு எழுதினேன், வரிகளை இடைவெளி விட்டு ஒழுங்காக்கினேன். பார்த்தால் என்னுடையது போலவே இருந்தது.

சார் வந்து இருவரின் புரோகிராமுக்கும் பூஜ்ஜியத்தை எண்ணாகக் கொடுத்துப் பார்த்தார். விடையும் பூஜ்ஜியம்தான் வர வேண்டும். இரண்டு திரையிலும் ஒன்றுமே வரவில்லை. என் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளிடம் திரும்பினார். "பாத்து எழுதறதுதான் எழுதறீங்க, தப்பையுமாங்க பாத்து எழுதறது?"

பின்வரிசையில் சிரித்தார்கள். அவள் நோட்டில் அந்தப் பயிற்சிக்குச் சுழி மதிப்பெண் போட்டார். என்னைத் திருத்திக் காட்டச் சொன்னார். நான் திருத்த உட்கார்ந்தேன்.

திருத்தும்போதுதான் கண்ணில் பட்டது. பத்துக்கு மேற்பட்ட அடிமானங்களுக்கு எழுத்துகள் போடும் பகுதியில் ஒரே ஓர் இடத்தில் மீதி என்ற பெயர் ஆங்கிலமாக மாறாமல் கிடந்தது. அந்த வரிக்குப் போகும்வரை கணினி எதுவும் சொல்லாது. சார் அடிமானமாகப் பதினாறு கொடுத்திருந்தால் அங்கேயே நின்று, மீதி என்றால் எனக்குத் தெரியாது என்று காட்டிக்கொடுத்திருக்கும். அதையும் மாற்றினேன்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில், நாளைக்குச் சாரிடம் சொல்லிவிடுகிறேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே, "பதினாறு குடுப்பாருன்னு பாத்தேன். குடுக்கல" என்றாள். என் திரையில் கிடந்ததை எனக்கு முன்பே பார்த்திருக்கிறாள்.

மறுநாள் சாரின் அறை பூட்டியிருந்தது. அதற்கடுத்த நாள் திறந்திருந்தது. நான் போகவில்லை. சொல்வதற்கு அந்த செமஸ்டர் முழுவதும் நேரம் இருந்தது.

அடுத்த வார ஆய்வகத்தில் அவள் திரையை ஓரக்கண்ணால் பார்த்தேன். எல்லாப் பெயர்களும் ஆங்கிலத்தில் இருந்தன.