அரைப்பந்தின் மேல் என் வீட்டுக்காரி

என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். நனைந்த விரிப்புகளை இரண்டு பேர் சேர்ந்து எந்திரத்திலிருந்து எடுப்பார்கள். இவள் ஒருத்தியே அள்ளிவிடுவாள். அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் 'கிரேன்'. அந்தக் கைகளை வைத்துக்கொண்டு முப்பத்தைந்து வயதில் குண்டு எறிய ஆரம்பித்தாள். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஒல்லிப்பிச்சான் தையல்காரன். அந்த நாலு கிலோ இரும்பை மைதானத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டு வருவதற்குள் பத்து தடவை கை மாற்றுவேன்.

எங்கள் மாவட்டத்தில் நடுவயதுப் பெண்களுக்கான தடகள அணி ஒன்று வருஷா வருஷம் எடுப்பார்கள். பத்து மீட்டர் ஐம்பது சென்டிமீட்டர் எறிந்தால் இடம் உண்டு. அவள் பயிற்சியில் பத்து எண்பது எறிந்தவள். போன வருஷம் தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் மாடிப்படியில் கால் பிசகிக் கணுக்கால் வீங்கிவிட்டது. அந்த அணிச் சட்டையை ஒரு தடவையாவது போட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

பிசியோ டாக்டர் அம்மாதான் அந்த அரைப்பந்தைக் கொடுத்தார். அடியில் தட்டையான பலகை, மேலே பாதிப் பந்து போல உப்பிய நீல ரப்பர். அதன் மேல் நின்று பழகினால் கணுக்கால் தேறும், ஆறு வாரம் போதும் என்றார். ஆறு வாரத்தில் கால் சரியாகிவிட்டது. இவள்தான் இறங்கவில்லை.

காலையில் என் தையல் அறையில்தான் நிற்பாள். ஜன்னல் திரை வழியாக வெளிச்சம் பால் மாதிரி இறங்கும். தொங்கும் சட்டைகள் காற்றில் லேசாக ஆடும். நடுவில் இவளும் ஆடுவாள். கண்ணை மூடிக்கொள்வாள். கால் விரல்கள் மட்டும் ரப்பரைத் தேடித் தேடிப் பிடிக்கும். நான் மிதியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பேன். எத்தனை கால்சட்டைக்கு இரண்டு தடவை ஓரம் அடித்தேனோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

"என்னடி தெரியுது உள்ள?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஒண்ணும் தெரியலைங்க. அதுதான் நல்லா இருக்கு. தரையில நின்னா துணி ஞாபகம், வீட்டு ஞாபகம், எல்லாம் வந்துடுது. இதுல நின்னா எடையே இல்ல."

பிறகு எடைத் தட்டு மாட்டிய இரும்புக் கம்பியையும் தோளில் தூக்கிக்கொண்டு பந்து மேல் ஏறிவிட்டாள். தரையில் எழுபது கிலோவோடு உட்கார்ந்து எழுந்தவளுக்கு அங்கே முப்பதுதான் முடிந்தது. ஆனால் அந்த முப்பதுக்கே உச்சி முதல் உள்ளங்கால் வரை நடுங்கும். "இவ்வளவு நடுங்குதுன்னா உள்ள எவ்வளவு வேலை நடக்குது பாருங்க!" என்பாள். எனக்கும் அது சரியென்றே பட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானம். அவள் எறிவாள். குண்டு கழுத்தோரத்திலிருந்து கிளம்பி, வானத்தில் ஒரு கணம் எங்கே போவது என்று யோசிப்பது போல நின்று, புல்லில் தொப்பென்று விழும். நான் ஓடிப் போய், விழுந்த பள்ளத்தில் டேப்பின் பூஜ்ய முனையை வைத்துப் பிடிப்பேன். வட்டத்து ஓரத்தில் எண்ணை வாசிப்பது அவள்.

இங்கேதான் என் புத்தி புல் மேயப் போனது. எங்கள் தொழிலில் ஒரு நாசூக்கு உண்டு. இடுப்பு பெருத்து வருகிறவரிடம், "போன தடவை அளவேதாங்க" என்று வாயால் சொல்லிவிட்டு, துணியில் இரண்டு அங்குலம் கூட்டி வெட்டுவோம். சட்டையும் பொருந்தும், மனசும் நோகாது. இருபது வருஷப் பழக்கம். கால் தேறிய பிறகு அவள் எறிந்த முதல் குண்டு பத்து மீட்டரைக் கூடத் தொடவில்லை. அந்த முகம் வாடுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. பள்ளத்தைச் செருப்பால் மூடிவிட்டு, முனையை இரண்டு சாண் தள்ளி வைத்தேன். "பத்து முப்பத்தஞ்சு!" என்று அங்கிருந்து கத்தினாள். நானும் சிரித்துக்கொண்டே குண்டைத் தூக்கிப் போனேன்.

ஒரு பொய்க்கு ஒன்பது பொய் என்பார்கள். வாரா வாரம் குண்டு கொஞ்சம் கிட்டக் கிட்ட விழுந்தது, என் கை கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போனது. ஏழு மாதத்தில் நாலு சாண். "பத்து எழுபது! எல்லாம் பந்து பண்ண வேலைங்க!" என்று அவள் குதித்தபோது நான் குனிந்து செருப்பு மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது பிசியோ டாக்டரைப் பார்க்கப் போனோம். பழக்கூடையோடு. நன்றி சொல்லத்தான்.

"இன்னமுமா பந்து மேல நிக்கறீங்க?" என்று அந்த அம்மா ஆச்சரியப்பட்டார். "ஆடற இடத்துல நின்னா, விழாம இருக்கறதுக்கே உடம்பு பாதி பலத்தைச் செலவு பண்ணிடும். தள்றதுக்கு மீதிதான். கணுக்காலுக்கு அது நல்லது. தூரம் எறியணும்னா கெட்டித் தரையில கனமா தூக்கணுமே! இப்ப எவ்வளவு போகுது?"

"பத்து எழுபதுங்க டாக்டர்."

"அப்படியா! அப்ப நான் நினைச்சதுதான் தப்பு போல. முழங்கால் சரியான ஓட்டக்காரி ஒருத்தி வர்றா, அடுத்த மாசம் அவளுக்குப் போட்டி. எல்லாத்தையும் பந்து மேலயே செய்யச் சொல்லி எழுதிடறேன்." பேனாவைத் திறந்துவிட்டார்.

"எழுதாதீங்க டாக்டர்!" என்று எழுந்தேவிட்டேன். "பத்து எழுபது இல்ல. நான்தான் டேப்பைத் தள்ளித் தள்ளிப் பிடிச்சேன்."

டாக்டர் பேனாவை மூடினார். என் வீட்டுக்காரி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். வீட்டிலிருந்து குண்டையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு நேரே மைதானத்துக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். தெருவில் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, ஒரு சத்தமும் என் காதில் விழவில்லை. எறிந்தாள். அவளே நடந்து போய்ப் பள்ளத்தில் குனிந்து முனையைப் பிடித்தாள்.

"படிங்க" என்றாள்.

"ஒன்பது எழுபத்தி ரெண்டு."

"சத்தமா."

"ஒன்பது எழுபத்தி ரெண்டு!"

மறுநாளே கம்பியோடு தரையில் நின்றாள். நாற்பது, ஐம்பது, கடைசியில் அறுபது. நடுக்கம் இல்லை, மூச்சு மட்டும் தடதடவென்று வந்தது. மூன்று வாரம் என்னோடு வேண்டிய அளவுக்குத்தான் பேசினாள்.

தேர்வு நாளன்று லேசான பனி. ஆறு எறி. ஒவ்வொன்றும் அந்த வெள்ளைக்குள் மெல்ல ஏறி, மறைந்து, எங்கோ இறங்கியது. அளந்தவர்கள் முன்பின் தெரியாதவர்கள். அவளுடைய நல்ல எறி பத்து முப்பத்தொன்று. இன்னும் பத்தொன்பது சென்டிமீட்டர் வேண்டும். ஒரு சாண் கூட இல்லை.

வெளியே வரும்போது அழுதேவிட்டேன். "உன் ஏழு மாசத்தை நான்தான் நாசம் பண்ணிட்டேன்."

"பந்து மேல நின்னது என் இஷ்டம். நல்லாத்தான் இருந்துச்சு, அதுக்கு உங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன்." மைதானத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "ஆனா ஒவ்வொரு வாரமும் சிரிச்சுக்கிட்டே குண்டைத் தூக்கிட்டு வருவீங்களே, அந்த முகத்தை நம்பித்தான் அடுத்த வாரம் எறிஞ்சேன். அதை எங்க கொண்டு போய் வைக்கிறதுன்னு தெரியலைங்க."

நான் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தேன்.

"அடுத்த வருஷத்துக்குப் பேர் குடுத்துட்டேன்" என்றாள். "டேப் பிடிக்க எங்க சலவைப் பிரிவுல ஒருத்திகிட்ட சொல்லியாச்சு."

"அப்ப நான்?"

"வாங்க, வர வேணாம்னு சொல்லல. வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பாருங்க."

இப்போது ஞாயிறுதோறும் வேலிக்கு வெளியே நிற்கிறேன். குண்டு மேலே போகும், வெளிச்சத்தில் ஒரு கணம் நிற்கும், விழும். இரண்டு பெண்கள் குனிந்து எண்ணைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். வீட்டுக்கு வரும் வழியில் என் தோளில் கை போட்டுக்கொண்டுதான் வருகிறாள். "இன்னிக்கு எவ்வளவு போச்சு?" என்று வாரா வாரம் கேட்கிறேன். சொல்லமாட்டேன் என்கிறாள்.