இடது கதவில் இரண்டு தட்டு

காரின் இடது சீட்டைக் கழற்றிவிடுவது என்ற தீர்மானம், நாமக்கல் லாரிப் பட்டறை ஒன்றில், வெல்டிங் புகைக்கும் பஜ்ஜி வாசத்துக்கும் நடுவே எதிர்ப்பின்றி நிறைவேறியது. இதைவிடக் குறைந்த யோசனையில் போர் அறிவித்த அரசுகள் உண்டு. நாங்கள் இரண்டு முறை டீ சொல்லி யோசித்தோம்.

தேசிய டூரிங் கார் சாம்பியன்ஷிப்பில் எங்களுக்கு அது முதல் சீசன்... கடைக்கும் கல்யாணத்துக்கும் போகிற சாதாரணக் காரை, உள்ளே இருப்பதையெல்லாம் உருவிவிட்டு, இரும்புக் கூண்டு பொருத்தி ஓட்டும் பந்தயம்.

டிரைவர் குமரேசன், மல்லசமுத்திரத்துக்காரர். சொந்த லாரியை விற்று இந்தக் காரை வாங்கியிருந்தார். பட்டம் வந்தால் பெரிய அணியில் இடம். வராவிட்டால் அடுத்தவர் லாரியில் சம்பள டிரைவர். நான் டயருக்குக் காற்றுப் பார்ப்பவன். அணியில் படித்தவன் என்று பெயர் எடுத்திருந்ததால் வேறு பொறுப்பு எதுவும் தரவில்லை.

லாரி ஓட்டிய காலம் முழுக்க குமரேசனுக்கு இடது பக்கம் உட்கார்ந்து வந்தவர், அவருடைய அக்கா வீட்டுக்காரர் பழனிச்சாமி. இடப்பக்கம் வழி இருக்கிறதா என்று குமரேசன் பார்த்ததே இல்லை. மச்சான் கையை வெளியே விட்டுக் கதவுத் தகரத்தில் இரண்டு தட்டினால் போகலாம். ஒன்று தட்டினால் நிறுத்த வேண்டும்.

சீட்டைக் கழற்ற ஸ்பானர் எடுத்துக் கொடுத்ததே மச்சான்தான்.

"அப்ப எனக்கு எடமில்லீங்களா மாப்ள?"

"ரேஸுல ஒருத்தருதான் மச்சான் உக்காரோணும்."

"செரி உடுங்க. கோழிங்களாவது என்னைய எறக்கி உடாது."

மச்சான் ஊருக்குப் போய்த் தன் கோழிப்பண்ணையைப் பார்த்துக்கொண்டார்.

கோவைப் பக்கத்து டிராக்கில் முதல் பந்தயம். கார் திரும்பி வந்தபோது இடது கண்ணாடி இல்லை, இடது கதவு உள்ளே போயிருந்தது. வலது பக்கம் மட்டும் ஷோரூமில் நிற்பதுபோல் பளபளத்தது.

அடுத்த பந்தயத்தில் குமரேசன் ஆளே மாறிவிட்டார். காகிதம் நுழையாத சந்தில் இடப்பக்கமாகப் புகுந்து ஒவ்வொரு காராக முந்தினார். கீறல்கூட இல்லை. இறங்கியதும் என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"தட்டறாங்க."

"யாரு?"

"தெரியலீங்க. இடப்பக்கக் கதவுல. ரெண்டு தட்டு உழுந்தா உள்ள பூந்தர்றேன்."

கதவைப் பிரித்துப் பார்த்தோம். ஆடும் பாகம் எதுவும் இல்லை. காருக்குள் இருந்த கேமராவின் பதிவைக் கேட்டேன். எஞ்சின் சத்தம் மட்டும்தான்... ஆனால் படத்தில் ஒன்று தெரிந்தது. ஒவ்வொரு முறை முந்துவதற்கு முன்பும் குமரேசன், சீட் இல்லாத அந்தக் காலி இடத்தைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார்.

சில வாரம் கழித்து சரசு அக்கா எனக்குப் போன் செய்தார். மச்சானின் மனைவி, குமரேசனின் அக்கா.

"ஏனுங்க, உங்க ரேஸ் நடக்கறப்பெல்லாம் இந்த மனுசன் சேரத் தட்டிட்டே உக்காந்திருக்கறாருங்க. டிவிகூடப் போடறதில்லீங்க. செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கறாரு. கூப்புட்டாக் காதுல உழுகறதில்ல."

"அவர்கிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டனுங்க. 'நானெங்க தட்டுனேன்'ங்கறாரு."

வாட்ஸ்அப்பில் வீடியோவும் அனுப்பினார். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. வெளியே தொங்கிய மச்சானின் இடது கை அதன் பக்கவாட்டில் இரண்டிரண்டாகத் தட்டிக்கொண்டிருந்தது. நேரத்தைச் சரிபார்த்து, கார் வீடியோவுக்குப் பக்கத்தில் வைத்து ஓட்டினேன்.

மச்சான் தட்டினார். குமரேசன் தலையாட்டினார்.

மச்சான் தட்டினார். குமரேசன் தலையாட்டினார்.

போனைக் கவிழ்த்து வைத்தேன். அறிவியல் வளர்ச்சிக்கு என் பங்களிப்பு அவ்வளவுதான். குமரேசனிடம் சொல்லவில்லை. புள்ளிப் பட்டியலில் நாங்கள் முதலிடத்துக்கு வந்திருந்தோம். ஜெயிக்கிற அணி காரணம் கேட்பதில்லை.

சென்னைப் பக்கத்து டிராக்கில் கடைசிப் பந்தயம். கடைசிச் சுற்று. குமரேசன் முன்னால், அடுத்த கார் வெகு பின்னால். எங்கள் ஆட்கள் மாலையைப் பிரித்துத் தயாராக வைத்திருந்தார்கள்.

நேர்ச்சாலையின் நடுவே எங்கள் கார் நின்றது.

மற்ற கார்கள் விலகி விலகிப் போயின. பந்தயம் முடிந்து ஓடிப்போய்ப் பார்த்தோம். எஞ்சின், பிரேக், டயர், பெட்ரோல்... எதிலும் குறையில்லை. குமரேசன் ஹெல்மெட்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணுதான் தட்டுனாங்க," என்றார். "நிறுத்தீட்டேன்."

தகவல் சொல்ல குமரேசன் மல்லசமுத்திரத்துக்குப் போன் போட்டார். அக்கா அழுதுகொண்டே எடுத்தார்.

"சாமி, உன்ற மச்சான் இன்னைக்குப் பொழச்சதே பெருசு. முட்டை லோடு லாரி ரிவர்ஸ் வந்துச்சுன்னு சேர உட்டு எந்திரிச்சு வழி சொல்லப் போனாரு. இவரு செவுத்துக்கும் லாரிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டாரு. ஓங்கி ஒரு தட்டுத் தட்டுனதுலதான் அவன் நிறுத்துனான்."

"எப்ப அக்கா?" என்றார் குமரேசன்.

"இப்பத்தான் சாமி. நீ போன் பண்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த எல்லோரும் காரின் இடது கதவைப் பார்த்தோம். அன்றைக்குத்தான் குமரேசனிடம் நாற்காலி வீடியோவைக் காட்டினேன். முழுவதும் பார்த்துவிட்டு, "ஊட்டுக்குப் போலாமுங்க," என்றார்.

இப்போது பண்ணைக்கு வரும் லாரிகளில் எல்லாம் பின்னால் கேமரா இருக்கிறது. திரையில் பச்சைக் கோடு, சிவப்புக் கோடு. வழி சொல்ல ஆள் வேண்டாம். யாரும் எந்தத் தகரத்தையும் தட்டுவதில்லை. நல்ல வசதிதான்... அன்று அந்த வசதி இல்லாததால், குமரேசன் மச்சானிடம் ஒரு வாக்கு வாங்க வேண்டியிருந்தது.

பட்டம் போனாலும், அந்தப் பெரிய அணி அடுத்த சீசனில் ஒரே ஒரு பந்தயம் ஓட்டிக் காட்டச் சொல்லியிருந்தது.

"அன்னைக்கு மட்டும் எதையும் தட்டாதீங்க மச்சான். கையக் கட்டிட்டு உக்காருங்க. நானே பாத்துக்கறேன்."

"செரி மாப்ள. நீங்க சொன்னாச் செரி."

பந்தயத்தன்று மச்சான் தன் கைகளைத் துண்டால் சேர்த்துக் கட்டச் சொல்லி அக்காவிடம் நீட்டினார். பந்தயம் முடியும்வரை அவிழ்க்கவில்லை. கார் முதல் வளைவில் இடப்பக்கச் சுவரில் மோதியது. குமரேசனுக்கு இடது தோளில் பிளேட் வைத்திருக்கிறார்கள்.